பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் பட்டினி

இரண்டு வருடங்களுக்கு முந்திய தீபாவளியன்று, என் வீட்டுக் குசினியில், நானே பிடித்து வைத்த லட்டை என் கையிலிருந்து என் கணவர் பிடுங்கினார். நான் அப்போது தரையில் கிடந்தேன். அந்த நேரத்தில் என் உயிருக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு லட்டுதான். அதைத் தராமல் இருந்தால்தான் நான் பிழைப்பேன் என்று வீட்டிலிருந்த எல்லோரும் நம்பினார்கள். இதை இன்றைக்கும் என்னால் ஆத்திரப்படாமல் சொல்ல முடியவில்லை. ஆத்திரப்படாமல் சொல்லவேண்டும் என்ற எண்ணமும் இல்லை.

கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். கணவர் கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் இருக்கிறார். வீடும் அங்கேதான், பாலத்தைத் தாண்டி மேட்டில் ஏறும் ஒழுங்கையில். எனக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், என்று தெரியவந்தது அந்தத் தீபாவளிக்கு முந்திய வருடம். கிளினிக்கில் டொக்டர் இரண்டு விசயங்கள் சொன்னார். இனிப்பைக் குறைக்கவேண்டும் என்றார். மாத்திரை போட்டால் கட்டாயம் சாப்பிடவேண்டும், வயிற்றைக் காயப்போடக் கூடாது என்றும் சொன்னார். முதலாவது விசயம் எங்கள் சொந்தபந்தம் முழுவதற்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. இரண்டாவது யார் காதிலும் ஏறவில்லை.

எந்த வீட்டுக்குப் போனாலும் என் சீனிக்கு ஒரு காவல்காரர் முளைத்தார். ஹந்தானையில் ஒரு சடங்கு வீட்டில், தட்டு என் பக்கம் வருவதற்கு முன்பே, "அவளுக்கு வேணாம், அவளுக்குச் சீனி இருக்கு" என்று மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள். பந்தியே திரும்பிப் பார்த்தது. என் வாய்க்குள் என்ன போகிறது என்று பார்க்க இத்தனை பேர் இருந்தார்கள். நான் சாப்பிட்டேனா என்று பார்க்க ஒருவரும் இல்லை.

தீபாவளிக்கு முந்திய வாரம் புடவைக் கடையில் வேலை செய்தவர்களுக்குத்தான் அது தெரியும். உட்கார ஒரு கதிரை கிடையாது. சேலையை எடுத்து விரிப்பது, மடிப்பது, மறுபடி விரிப்பது. மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பின்னேரம் பிரித்தால் அது கல்லாகியிருக்கும். அப்படி நின்று வீங்கிய காலோடு வீட்டுக்கு வந்து, முறுக்குக்கு மா வறுத்தேன், அதிரசத்துக்குப் பாகு காய்ச்சினேன், லட்டுக்குப் பூந்தி பொரித்தேன். எனக்கு ஆகாது என்று ஊரே சொல்லும் பலகாரம் அத்தனையையும் செய்தது நான்தான். சீனி வருத்தக்காரி இனிப்புச் சாப்பிடக் கூடாது. செய்யலாம்.

தீபாவளியன்று விடியும்போதே தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு, வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். சாமிக்குப் படைத்ததும் ஒரு தோசையாவது சாப்பிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் கணவரின் அக்கா குடும்பத்தோடு மடுல்கெல்லவிலிருந்து வந்து இறங்கிவிட்டார். நான் அண்ணி என்று கூப்பிடும் அவர், எங்கள் வீட்டுக்கு ஒரு மாமியார் மாதிரி. படையல் முடிந்ததும் நான் தோசைச் சட்டிப் பக்கம் திரும்பினேன்.

"வந்தவங்க மொதல்ல சாப்பிடட்டும் புள்ள. நம்ம எங்க ஓடிறப் போறோம்?" என்றார் அண்ணி.

நம்ம என்று அவர் சொன்னது என்னை மட்டும்தான்.

வந்தவர்கள் சாப்பிட்டார்கள். அவர்கள் எழும்பும்போது கடைத்தெருவில் இருந்து கணவரின் சிநேகிதர்கள் வந்தார்கள். அவர்களுக்கு வடை சூடாக வேண்டுமென்று உத்தரவு வந்தது. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கும்போது முதலில் கை நடுங்கியது. அடுப்புச் சூடு என்று நினைத்தேன். பிறகு முதுகில் வேர்வை ஊற்றியது. அது அடுப்பு வேர்வை இல்லை, குளிர்ந்த வேர்வை. கணவர் வந்து, "இன்னும் ரெண்டு தட்டு அனுப்பு" என்று சொன்னபோது எனக்குள் ஏதோ அறுந்தது. "நீங்களே வந்து சுடுங்க, எனக்கு ரெண்டு கைதான் இருக்கு" என்று கத்தினேன். முன் அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருக்கு முகம் கறுத்துப் போனது.

அதற்குப் பிறகு நடந்தது துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. அடுப்பை அணைத்தேன். எண்ணெய்ச் சட்டியில் விழுந்துவிடக் கூடாது என்ற பயம் மட்டும் தெளிவாக இருந்தது. கண் இருட்டியது. மேசை மேலிருந்த தட்டில் கையை வைத்து ஒரு லட்டை எடுத்தேன். அதோடு கால் மடங்கிச் சரிந்தேன். சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். லட்டை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் கணவர் குனிந்து அதைப் பிடுங்கினார்.

"பாத்தியா தம்பி?" என்றார் அண்ணி. "ஒளிச்சு ஒளிச்சு தின்னிருக்கா. அதான் ஏறிருச்சு."

எனக்கு எல்லாம் கேட்டது. நாக்குத்தான் புரளவில்லை. சீனி குறைந்திருக்கிறது என்று சொல்ல நினைத்தேன், வெறும் சத்தம்தான் வந்தது. யாரோ தேசிக்காய் பிழிந்து, உப்புப் போட்டுத் தண்ணீர் கரைத்தார்கள். ஒரு துளி சீனி இல்லாமல், மிகக் கவனமாக. யாரோ விசிறினார்கள். மூன்று நாள் செய்த பலகாரம் தலைக்கு மேலே மேசையில் அடுக்கியிருந்தது.

என் மகள்தான் பயந்துபோய், மதிலுக்கு மேலால் எட்டிப் பக்கத்து வீட்டு ராத்தாவைக் கூப்பிட்டிருக்கிறாள். ராத்தா முக்காட்டைச் சரியாகப் போடாமலேயே ஓடி வந்தார். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

யாருக்கும் பதில் தெரியவில்லை.

"எங்க வாப்பாக்கும் இப்பிடித்தான் வந்தீக்கி. சீனி எங்க ஈக்கி? கொண்டாங்க."

"சீனியா? அவளுக்குச் சீனி வருத்தம்" என்று அண்ணி தடுத்தார்.

ராத்தா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. தானே போத்தலை எடுத்து, விரலில் சீனியைத் தொட்டுத் தொட்டு என் கன்னத்துக்கு உள்பக்கம் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் விழுங்க முடிந்தது. பிறகு கரண்டி கரண்டியாகச் சீனித் தண்ணீர் கொடுத்தார். நடுக்கம் நின்றது. கணவர் இன்னும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு இளம் சிங்களப் பெண் டொக்டர், தனக்குத் தெரிந்த தமிழில் என்னைத்தான் ஏசினார். "மருந்து போட்டு ஏன் சாப்பாடு இல்லை? நீங்க படிச்ச ஆள்தானே?" கட்டிலுக்குப் பக்கத்தில் என் கணவர், கேள்வி தனக்கு இல்லாதது மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சொல்லத் தோன்றியதெல்லாம் சிங்களத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. அந்த டொக்டர் போகும்போது இன்னொன்றும் சொன்னார். சீனி இறங்கும்போது சிலருக்குக் கோபமும் வருமாம். கவனித்துக்கொள்ளச் சொன்னார்.

அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பின்னேரம் வீட்டுக்குத் திரும்பினால், எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். கழுவாத சட்டி முட்டியெல்லாம் எனக்காகக் காத்திருந்தன. ராத்தா அனுப்பிய சோற்றை மகள் எனக்கு எடுத்துவைத்தாள். அதற்குள் கதை மடுல்கெல்லவுக்கும் ஹந்தானைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. எப்படித் தெரியுமா? நான் ஆசையை அடக்க முடியாமல் லட்டைத் தின்று மயங்கி விழுந்தேன் என்று. தொலைபேசியில் விசாரித்தவர்கள் எல்லோரும், "வாயக் கட்டணும்மா" என்று எனக்குப் புத்தி சொன்னார்கள். பட்டினியில் விழுந்தவளிடம் வாயைக் கட்டச் சொன்னார்கள். நான் ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். சரி சரி என்றார்கள். அடுத்த தடவை பார்க்கும்போது மறுபடியும் லட்டுக் கதையையே சொன்னார்கள்.

கோபம் பற்றி டொக்டர் சொன்னதை மட்டும் கணவர் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு நான் எதற்குக் குரலை உயர்த்தினாலும், "சீனி கொறஞ்சிருச்சா? டொபி ஒண்ணு தரவா?" என்பார். தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைச் சொன்னாலும் டொபி, அவர் அக்காவைப் பற்றிச் சொன்னாலும் டொபி. ஒருநாள் அவர் நீட்டிய டொபியை வாங்கிச் சன்னல் வழியாக எறிந்தேன். இரத்தம் பார்க்கும் மெசினை எடுத்து அவர் முன்னாலேயே விரலைக் குத்தினேன். சீனி சரியாக இருந்தது.

"பாத்துக்கங்க. எனக்கு ஒண்ணும் கொறையல. இது என்னோட கோவம். நீங்க குடுத்த கோவம்."

அவர் அந்த மெசினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் அன்னைக்குப் பயந்துட்டேன் புள்ள" என்றார். அது உண்மைதான், எனக்குத் தெரியும். பயந்தவருக்கு, நான் சாப்பிட்டேனா என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லையே என்பதுதான் என் வழக்கு. அதையும் சொன்னேன். அதற்குப் பிறகு டொபி வரவில்லை.

போன தீபாவளிக்கு, குளித்து மாத்திரை போட்ட கையோடு மூன்று இட்டலியை எடுத்து வைத்துக்கொண்டு, முன் அறையில் கதிரை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த நேரம் பார்த்து அண்ணி வந்து வாசலில் நின்றார்.

"சாமிக்குப் படைக்க முந்தியா?"

"சாமி என்னையப் பட்டினி கெடக்கச் சொல்லல அண்ணி. நீங்கதான் சொன்னீங்க."

அவர் என் கணவரைத் தேடி உள்ளே பார்த்தார். கணவர் குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். பாதி கருகியிருந்தது. வந்தவர்களெல்லாம் அவரைப் பாராட்டினார்கள். இப்படி ஒரு ஆம்பிளையா என்று ஒரு பெண் வாயில் கை வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சட்டிக்கு முன்னால் நின்ற என்னை ஒருத்தர் அப்படிச் சொன்னதில்லை. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

மத்தியானம் அண்ணி கோபத்தோடு கோபமாக, என்னோடு பேசாமல், ஆம்பிளைகளுக்குப் பரிமாறிக்கொண்டு திரிந்தார். முதல் பஸ்ஸுக்கு இருட்டோடு புறப்பட்டு வந்தவர். வந்ததிலிருந்து ஒரு பிளேன்டீ குடித்ததைத்தான் பார்த்தேன். நான் குசினிக்குள் வந்தபோது அவர் ஒரு கையால் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு தட்டில் சோறு போட்டு நீட்டினேன்.

"உக்காந்து சாப்பிடுங்க."

"எங்க வீட்டுக்காரரு இன்னும் சாப்பிடலயே."

"அவருக்குக் கை இருக்கு."

வாங்கிக்கொண்டார். உட்காரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, யாரும் வந்துவிடுவார்களோ என்று வாசலைப் பார்த்துப் பார்த்து, வேகமாகச் சாப்பிட்டார். நான் இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினேன். அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். லட்டுக் கதையை அவர் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாராம்.