மாங்காட்டில் ஒரு சுற்று

மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தால் மாங்காட்டு அம்மன் கோயிலில் அடிப்பிரதட்சணம் செய்வதாக என் மனைவி வேண்டிக்கொண்டது ஒரு தை வெள்ளியில். வைகாசியில் பேரன் பிறந்தான். ஆடி முதல் வெள்ளியில் வேண்டுதலை நிறைவேற்றக் கிளம்பினோம்.

ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் கட்டைவிரலோடு ஒட்டி வைத்து, அப்படியே பிராகாரம் முழுவதும் வர வேண்டும். மகள் பிறந்த வருடமும் மனைவி இதைச் செய்திருக்கிறாள். அப்போது ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஈரப்புடவையோடு ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சுற்றி வந்தாள்.

இந்த முறை முதல் மூலையைக்கூடத் தாண்டவில்லை. கை கூப்பி, கண் மூடி நடந்தவள் இடப்பக்கம் சாய்ந்து தூணைப் பிடித்துக்கொண்டாள். திரும்பத் தொடங்கினாலும் அதே சாய்வு. பாதியில் வெளியே வந்துவிட்டோம். பூந்தமல்லியில் பஸ் மாறியதும் கேட்டாள்.

“அம்மன் ஏத்துக்கலையோ?”

ஐயப்பன்தாங்கலில் இருக்கும் மகள், தானே வந்து நடந்துவிடுவதாகப் போனில் சொன்னாள். இவள் விடவில்லை. “வேண்டிக்கிட்டது நான். எனக்குப் பதிலா ஆள் அனுப்ப இதென்ன ரேஷன் கடையா?”

மகளின் வற்புறுத்தலில் அம்பத்தூரில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனோம். மகள் வயதுதான் இருக்கும். தரையில் ஒட்டியிருந்த நாடாவைக் காட்டி, குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொன்னார். மனைவி என்னைப் பார்த்தாள். “இது நாங்க கோயில்ல பண்றதாச்சேம்மா” என்றாள்.

விஷயத்தைக் கேட்டுக்கொண்ட அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். நிற்கும்போதுகூட உடம்பு இலேசாக ஆடிக்கொண்டுதான் இருக்கிறதாம். கண்ணும், உள்காதும், பாதமும் சேர்ந்து அதைத் திருத்திக்கொண்டே இருக்கின்றனவாம். வயதாக ஆகப் பாதத்தின் உணர்வு மங்கும். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது சற்றுத் தாமதமாகும். அந்த நேரத்தில் கண்ணையும் மூடி, விரித்துத் தடுக்க வேண்டிய கையையும் கூப்பிவிட்டால் உடம்பு எதைப் பிடித்துக்கொள்ளும்?

பிறகு மனைவியை நாடாவின் மேல் நடக்கவைத்துப் பார்த்துவிட்டு, என்னையும் நடக்கச் சொன்னார். மனைவி தடுமாறிய இடம் வரைகூட நான் போகவில்லை. அவள் முகத்தில் சிரிப்பு திரும்பியது அப்போதுதான்.

புரட்டாசியும் ஐப்பசியும் பயிற்சியில் போயின. குக்கர் விசில் வரும்வரை சமையல் மேடையை இலேசாகத் தொட்டபடி வலக்காலுக்கு முழு எடையையும் கொடுப்பாள். இடக்கால் கனமற்றுப் போன பிறகே அதைத் தூக்குவாள். பிறகு கால் மாற்றுவாள். முன்பெல்லாம் எடை மாறி முடிவதற்குள் காலைத் தூக்கிவிடும் அவசரம் இருந்தது. எனக்கும் அதே அவசரம்தான் என்பது பக்கத்தில் நின்று செய்தபோது தெரிந்தது. மார்கழியில் கூடத்து டைல்ஸின் கோட்டின் மேல் இருவரும் முன்னும் பின்னுமாக நடந்தோம். சில நாள் நன்றாக வரும், சில நாள் வராது. மழைநாளில் முழங்கால் வலித்தால் ஒன்றும் நடக்காது.

மறு தை வெள்ளியில் மீண்டும் மாங்காடு. கண் திறந்தபடி நடப்பது, மூலைக்கு மூலை நின்று, காலை அகட்டி ஊன்றிய பிறகு கும்பிடுவது என்று அவளே முடிவுசெய்திருந்தாள். என் முன்கையில் விரல்நுனி மட்டும் பட்டிருந்தது. அவ்வளவு மெதுவாகச் சாதாரண நடை நடந்தபோது நான் ஆடினேன். வேறு வழியில்லாமல் நானும் அடி அடியாக வைத்தேன்.

பின்னால் வந்த ஓர் அம்மாள் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இன்னா பெருசு, நீ அம்மாவப் புட்சிக்கினு கீறியா, இல்ல அம்மா உன்னப் புட்சிக்கினு கீதா?”

மனைவி திரும்பவில்லை. “ரெண்டும்தான்மா. நீங்க முன்னால போங்க.”

அவர் முன்னால் போகவில்லை. எங்கள் வேகத்திலேயே வந்தார். பின்னால் நெருக்கியவர்களையும் அவரே அதட்டி விலக்கி அனுப்பினார்.

கடைசி மூலை திரும்பியதும் என் கையிலிருந்த விரல்கள் விலகின. நான் கையை நீட்டியபடியே வைத்திருந்தேன், அது தேவைப்படவில்லை. புறப்பட்ட இடத்துக்கு வந்து, காலை அகட்டி நின்று, நெடுநேரம் கும்பிட்டாள். வெளியே வந்து செருப்புப் போடும் முன்பே மகளுக்குப் போன் செய்தாள்.

“முடிச்சிட்டேன்டி. ஏத்துக்கிட்டா. உங்கப்பாதான் நடுவுல கொஞ்சம் ஆடினாரு.”