பூஜ்யத்திலிருந்து எண்ணும் பெட்டி

கவிதா, பிரபு... "ஒரு வாரமா அப்பா ஏன் சரியா சாப்பிடல?" என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். என்னிடமே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் வாயால் சொல்ல வந்திருக்காது. அதனால் சிறுவர் இதழில் நான் எழுதும் இந்த வாரப் பத்தியை உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். வழக்கமாகப் படிக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கலாம். ஆனால் சிரிப்புக் கதை எதிர்பார்க்காதீர்கள்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தண்டுகளைச் சூடேற்றிப் பதப்படுத்தும் ஃபேக்டரியில் நான் எலக்ட்ரீஷியன். படித்தது ஐடிஐ. அங்கே ஃபர்னஸ் என்கிற உலைக்குப் பக்கத்துச் சுவரில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே ஓடுவது லினக்ஸ் என்ற சாஃப்ட்வேர் — ஆமாம், திரையும் கீபோர்டும் இல்லாத ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். எந்த நிமிடம் எவ்வளவு சூடு என்று தன் ஃபிளாஷ் மெமரியில் எழுதிக்கொண்டே இருக்கும்.

அந்த ஃபர்னஸின் ஆபரேட்டர் ஏழுமலை. புதுவாயலிலிருந்து சைக்கிளில் வருவார். நாங்கள் அனுப்பிய தண்டுகளில் விரிசல் என்று வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏழுமலைதான் கவனிக்காமல் சூட்டைக் குறையவிட்டார் என்று மேனேஜர் முடிவு கட்டினார். ஆயுத பூஜை முடிந்ததும் விசாரணை. வேலையே போகலாம்.

ஏழுமலைக்கோ பயமே இல்லை. "நான் எங்கியும் போவலண்ணா. அங்கியேதான் குந்திகினு இருந்தேன். சூடு எறங்கவே இல்ல. பொட்டில எல்லாம் கீது... எடுத்துக் காட்டு."

பூஜையன்று எங்கள் ஃபேக்டரியில் ஒரு மெஷினும் ஓடக் கூடாது. படைப்பதற்கு முன் மெயின் ஸ்விட்சை இறக்குவது என் வேலை. இறக்கினேன். பெட்டி மட்டும் யுபிஎஸ்ஸில் மினுக்கிக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் ஓய்வு வேண்டாமா? பிளக்கைப் பிடுங்கி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன்.

"அதுக்கும் ஒரு கை பொரி வையிண்ணா, கோச்சிக்கப் போவுது!" என்றார் ஏழுமலை. எல்லோரும் சிரித்தோம்.

நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது நோட்டை வெடுக்கென்று இழுத்தால் என்ன ஆகும்? பாதி எழுத்தில் கோடு இழுபட்டு, பக்கமே பாழாகும் இல்லையா? அதுதான் நடந்தது. 'நிறுத்தப் போகிறேன்' என்று முதலில் பெட்டிக்குக் கட்டளை கொடுத்துவிட்டு, பிறகுதான் கரண்டை எடுக்க வேண்டுமாம். மோட்டாரிடம் யாராவது சொல்லிவிட்டா அணைக்கிறோம்?

விடுமுறை முடிந்து வந்தால் பெட்டி எழுந்திருக்கவில்லை. கேபிள் போட்டு லேப்டாப்பில் பார்த்தேன். வரிவரியாகப் பிழை... கடைசியில் 'கெர்னல் பேனிக்'. இனி என்னால் ஓட முடியாது என்று அது கையை விரித்துவிட்டது.

பெட்டியைச் செய்த கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு இன்ஜினியர் பொறுமையாகப் பேசினார். "பயப்படாதீங்க சார். மெமரி மூணு பகுதியா இருக்கு. ரெண்டாவதுதான் கெட்டிருக்கு, அதுல சாஃப்ட்வேர்தான். சூட்டுக் கணக்கு மூணாவதுல பத்திரமா இருக்கும். ரெண்டாவதை அழிச்சுட்டு புதுசா எழுதிடலாம். எதுக்கும் முதல்ல எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்துக்குங்க. ஒரு மணி நேரம் ஆகும்."

பின்னால் நின்ற மேனேஜர் கொதித்தார். "ஒரு மணி நேரமா? லைன் நிக்குதுப்பா. சீக்கிரம் அடி!"

அடித்தேன். காப்பி எடுக்கவில்லை; நேரே அழிக்கும் கட்டளை, கடைசியில் 2, என்டர். பத்து, ஐம்பது, நூறு சதவீதம்... எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தது!

"எந்த நம்பர் சார் போட்டீங்க?"

"ரெண்டாவதுன்னீங்களே... ரெண்டு."

போனில் இன்ஜினியர் குரலைத் தாழ்த்தினார்.

"சார்... அது பூஜ்யத்துலேர்ந்து எண்ணும். ரெண்டுன்னா மூணாவது."

இருபது வருடமாக மூன்று ஃபேஸ் ஒயர்களை எண்ணிய கை இது. ஒன்று, இரண்டு, மூன்று. பூஜ்யமாவது ஒயர் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

"திரும்ப எடுக்க முடியாதா சார்?"

"ஃபிளாஷ்ல அழிச்சா அழிச்சதுதான் சார்."

மேனேஜர் என் தோளில் கை வைத்தார். அவர் கை என் மேல் பட்டது அதுதான் முதல் தடவை. "பொட்டி தானா கெட்டுப்போச்சுன்னு எழுதிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. உனக்கும் புள்ளைங்க இருக்குது இல்ல?"

நான் தலையாட்டினேன். உங்கள் இரண்டு பேரையும் நினைத்துத்தான் தலையாட்டினேன்.

கேன்டீன் வாசலில் ஏழுமலை காத்துக்கொண்டிருந்தார். "இன்னாண்ணா, கெடச்சிதா?"

"பொட்டி போச்சு ஏழுமலை."

"போச்சுன்னா?"

"போச்சு."

"சரி வுடு. நீ இன்னா பண்ணுவ?" என்றார். என்னைத் திட்டியிருந்தால் அன்று இரண்டு வாய் சோறாவது இறங்கியிருக்கும்.

விசாரணை பத்து நிமிடம். பதிவு இல்லை, ஆகவே சாட்சியும் இல்லை. மறுநாளே, வருகை பதியும் டைம் ஆபீஸ் பலகையில் ஆர்டர் — ஏழுமலையை வேலையிலிருந்து நீக்கியாகிவிட்டது.

தெரியாமல் செய்தால் தப்பில்லை, ஒளிக்காதே என்று பிரபுவிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! பூஜ்யம் எனக்குத் தெரியாது, சரி. தலையாட்டியது தெரியாமலா?

நேற்று ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்பியது. நான் ஏறவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். 'பிளக்கைப் பிடுங்கியவன் நான். பதிவை அழித்தவனும் நான். ஏழுமலை கேட்ட சாட்சி அதில்தான் இருந்தது' என்று எழுதி, பெயரும் டோக்கன் நம்பரும் போட்டேன். இதனால் அவருக்கு வேலை திரும்பக் கிடைக்குமா? கிடைக்காது என்றுதான் தோன்றுகிறது. எனக்கு என்ன ஆகும் என்பதும் தெரியவில்லை.

பலகையில் அந்த ஆர்டருக்குப் பக்கத்தில் தாளை வைத்தேன். குண்டூசி இல்லை. பாக்கெட்டில் கிடந்த இன்சுலேஷன் டேப்பைப் பல்லால் கிழித்து, நான்கு மூலையிலும் அழுத்தி ஒட்டினேன்.