அக்காவின் மெழுகுக் கட்டி

அக்காவின் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் நாங்கள் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்ப்போம். சிஏ 125. சினைப்பையில் வந்த புற்றுக்கட்டி, சளியைப்போல் வழவழப்பான ஒரு புரதத்தை இரத்தத்தில் விடுகிறது, அதன் அளவுதான் இது என்று பாண்டி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆபரேஷன் முடிந்து கீமோ ஏற்ற ஏற்ற எண் இறங்கியது. இறங்கும்போதெல்லாம் அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றுவேன். ஒன்றரை வருடம் கழித்து மறுபடி ஏறியது. பழைய மருந்து எதற்கும் அடங்கவில்லை.

சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று அனுப்பினார்கள். நான் பத்தாவது படித்தவள். டாக்டர்கள் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு, பொறுமையாகச் சொன்னார். அந்த மருந்து நேராகப் போய் அந்தப் புரதத்தையே பிடித்துக்கொள்ளுமாம். அதனால் கட்டியின் மேல் புரதம் நிறைய ஒட்டியிருக்க வேண்டும்.

"இத்தினி நாளா கொறையணும்னு வேண்டிக்கிட்ட, இப்ப நெறைய இருக்கணும்னு வேண்டிக்கோ. சாமிக்கே தலை சுத்தப் போவுது," என்றாள் அக்கா.

இரத்தத்தைப் பார்த்தால் போதாதாம். ஆபரேஷனில் எடுத்த சதையில் ஒரு துண்டை மெழுகில் புதைத்துப் பாண்டியில் வைத்திருப்பார்கள், அதை வாங்கி வரச் சொன்னார். இரண்டு முறை போய், கவுன்டரில் கேட்கக் கூசி, கூட்டத்தோடு நின்றுவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது முறை காகிதத்தில் எழுதி நீட்டினேன். தீப்பெட்டியில் பாதி அளவு ஒரு வெள்ளைக் கட்டி. உள்ளே பழுப்பாக ஒரு துணுக்கு.

சித்திரை வெயில். மெழுகு உருகிவிடும், சதை கெட்டுவிடும் என்று பயம். யாரிடமும் கேட்கவில்லை. உப்பளத்தில் வேலை செய்கிற எங்களுக்கு, கெடக் கூடாததை உப்பில் வைப்பதுதான் தெரியும். பாத்தியில் அன்று வாரிய உப்பை இரண்டு கை அள்ளி டிபன் டப்பாவில் போட்டு, நடுவில் கட்டியைப் புதைத்துச் சென்னைக்குப் பஸ் ஏறினேன்.

லேபில் இருந்தவர் டப்பாவைத் திறந்தார். "இன்னாம்மா, கருவாடா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. வீட்டில் சொன்னபோது அக்காவும், நீர் கோத்து வீங்கிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி, என்னை உப்புக்கண்டம் போட்டுட்டியேடி!"

இரண்டு வாரம் கழித்து இருவரும் சென்னை போனோம். டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். சாயம் ஏற்றிப் பார்த்ததில், துண்டில் அந்தப் புரதம் மிகவும் குறைவாகத்தான் இருக்கிறதாம். இரத்தத்தில் அவ்வளவு இருந்தும் கட்டியின் மேல் மருந்து பிடித்துக்கொள்ள இடமில்லை. அக்காவை மருந்துச் சோதனையில் சேர்க்க முடியாது என்றார்.

"உப்புல வெச்சதாலயா மேடம்?" நான் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"இல்லம்மா. மெழுகுக்குள்ள உப்பு போகாது. எப்படிக் கொண்டாந்திருந்தாலும் இதேதான் வந்திருக்கும்."

அவர் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. ஆனாலும் இன்றுவரை எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்கா கேட்டாள். "இன்னா சொன்னாங்க?"

"போன் பண்றேன்னாங்க."

"எப்போ?"

"ஒரு மாசம் ஆவுமாம்."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். "ஏண்டி, பொய் சொல்லவே வராத உன்னையா தனியா கூப்ட்டு சொன்னாங்க?"

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அம்மாவுக்கு நாங்கள் எதையும் சொல்லவில்லை. ஆடியில் அக்கா கண் மூடும்வரை, அம்மா எப்போது கேட்டாலும், நான் வாய் திறப்பதற்குள், "சென்னையிலேந்து போன் வரணும்மா," என்று அக்காவே சொல்லிக்கொண்டிருந்தாள்.