மூன்றாவது சிப்பம்

நான் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது பால் குடிக்காமல், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தேனாம். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஊர்க்கோடியில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு ஓடி, "இவன் பொழச்சி ஆளாயிட்டான்னா எடைக்கு எடை வெல்லம் குடுக்கறேன் ஆத்தா" என்று வேண்டிக்கொண்டாள். பிழைத்தேன். ஆளாகவும் ஆனேன். கொஞ்சம் அதிகமாகவே ஆகிவிட்டேன் என்பதுதான் பிற்பாடு வந்த தொல்லை.

வேண்டுதல் தள்ளிக்கொண்டே போயிற்று. ஒரு வருஷம் கரும்பு காய்ந்தது. இன்னொரு வருஷம் பங்காளி வீட்டில் சாவு. அப்பாவோ, "இன்னுங் கொஞ்சம் வளரட்டுமே, என்னா அவசரம்" என்பார். இப்படியே எனக்கு இருபத்தாறு வயது ஆயிற்று. பொம்மிடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை. ஐந்தடி மூன்றங்குல உயரம். அறுபத்தெட்டுக் கிலோ எடை. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் அறுபத்தெட்டுக் கிலோ என்பது நிலபுலன் உள்ளவர்களுக்கு மட்டும் உரியது. என்னைப் பார்ப்பவர்கள் நான் ஏதோ மிராசுதார் என்று நினைத்து, சம்பளத்தைக் கேட்டதும் முகம் சுருங்கிப் போவார்கள்.

அந்தப் பங்குனியில் அரூர்ப் பக்கம் எனக்குப் பெண் பார்த்து முடித்தார்கள். தை மாதம் கல்யாணம். அம்மா ஒரே பிடியாக நின்றாள். "வேண்டுதல பாக்கி வெச்சிக்கிட்டு தாலி கட்டக் கூடாது. கார்த்திகையில துலாபாரம், தையில கல்யாணம். பொண்ணு வூட்டுக்காரங்களையும் கோயிலுக்கு வரச் சொல்லிட்டேன்."

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் பக்கம் வெல்லம் சிப்பக் கணக்கு. சாக்கில் கட்டிய ஒரு சிப்பம் முப்பது கிலோ. அம்மா ஆலைக்காரரிடம் மூன்று சிப்பம் சொல்லிவைத்துவிட்டு, அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிந்தாள். "எம்புள்ள ரெண்டு சிப்பத்துல அடங்க மாட்டானுங்க. மூணாவதப் பிரிச்சே ஆவணும்." சாகக் கிடந்த பிள்ளையை இந்த எடைக்குக் கொண்டுவந்தவள் அவள். பெருமை அவளுக்கு இருக்கத்தான் செய்யும்.

எனக்கோ வேறு கவலை. ஒரே ஒரு முறை பார்த்த பெண், நான் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதையும், எதிர்ப்பலகையில் வெல்லம் ஏறிக்கொண்டே இருப்பதையும், நான் தரையை விட்டு அசையாமல் இருப்பதையும் முன்வரிசையில் நின்று பார்க்கப் போகிறாள். அன்றே முடிவு செய்தேன். மூன்றாவது சிப்பத்தை அவிழ்க்க விடுவதில்லை.

சேலம் பஸ் நிலையத்தில் உடற்பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்கினேன். பொம்மிடியில் நான் குடியிருந்தது ஒரு வீட்டின் பின்கட்டு அறை. விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டு தண்டால், பஸ்கி, நின்ற இடத்தில் ஓட்டம். மூன்றாம் நாள் வீட்டுக்கார அம்மாள் கதவைத் தட்டினார்.

"உள்ள என்னாங்க திமு திமுன்னு சத்தம்? எலிங்களா?"

"ஆமாங்க, எலிதாங்க" என்றேன்.

மறுநாள் வாசலில் ஓர் எலிப்பொறி இருந்தது. உள்ளே தேங்காய்ச் சில்லு, நெருப்பில் வாட்டியது. பயிற்சி முடிந்த பசியில் அந்த வாசனையை என்னால் தாங்க முடியவில்லை. சில்லை எடுக்கப்போய் விரலை மாட்டிக்கொண்டேன். ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் கட்டுப்போட்ட விரலோடு கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மாளோ தேங்காய் காணாமல் போவதைப் பார்த்துவிட்டு, "பெரிய எலியாட்டம் இருக்குதுங்க" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தனியாகச் செய்வதில் இன்னொரு சிக்கல் இருந்தது. எண்ணுகிறவனும் நான்தான், ஏமாற்றுகிறவனும் நான்தான். ஒன்று, இரண்டு, மூன்று, ஏழு, பன்னிரண்டு, இருபது என்று முடித்துவிட்டு, இருபது எடுத்தவனுக்கு உரிய மரியாதையாக ஸ்டேஷன் டீக்கடையில் இரண்டு போண்டா சாப்பிடுவேன். இரண்டு மாதம் கழித்து, ரயில்வே பார்சல் ஆபீஸ் தராசில் ஏறிப் பார்த்தேன். அறுபத்தொன்பது.

"ஒரு கிலோ ஏறியிருக்கீங்க, சந்தோசங்க" என்றார் பார்சல் குமாஸ்தா. அவர் சந்தோஷப்பட்டதில் குத்தல் எதுவும் இல்லை. அவர் நாற்பத்தேழு கிலோ. சட்டை மாட்டுகிற கொக்கிக்குச் சட்டையோடு கை கால் முளைத்தது மாதிரி இருப்பார். எடை ஏற வேண்டும் என்று அவருக்கு ஏக்கம். நான் இளைக்க முயல்வதாகச் சொன்னதும் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். "ஒங்க பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரு பெரியவங்களுக்குக் காலையில கிளாஸ் எடுக்கறாருங்க. எளைக்கறதுக்கும் அதானாம், ஏர்றதுக்கும் அதானாம். நான் போவப் போறேன். வர்றீங்களா?"

கூட்டத்தில் கையைக் காலை ஆட்டுவதை நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் கார்த்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. போனேன்.

டிரில் மாஸ்டர் வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்கே டிரில் எடுத்தவர். பெரியவர்களுக்கென்று வேறு முறை எதுவும் அவரிடம் இல்லை. எங்களை உயர வரிசையில் நிறுத்தினார். நகத்தை நீட்டச் சொல்லிப் பார்த்தார். வந்தவர்கள் மூன்றே பேர்: நான், பார்சல் குமாஸ்தா, கடைவீதி ஜவுளிக்கடை முதலாளி. முதலாளிக்குக் குறட்டை. அவர் மனைவி வைத்தியரைக் கேட்டு அவரை மைதானத்துக்கு விரட்டியிருந்தார். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, கழுத்துச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாமல், ஒவ்வொரு முறை குனியும்போதும் அதைப் பல்லால் கடித்துக்கொள்வார்.

மைதானத்தை ஒட்டிக் குழாயடி. தண்ணீருக்கு வந்த பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "இவங்கெல்லாம் அப்பவே பெயிலாப் போனவங்களா? இப்பத்தான் மறுக்கா சேத்துக்கிட்டாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். மாஸ்டர் விசிலை எடுத்துவிட்டு, "ஆமாம்மா" என்றார்.

எண்ணும் வேலையை ஒவ்வொருவருக்கும் முறை வைத்துக் கொடுத்தார். முதல் நாள் என் முறை. பழக்க தோஷம், ஏழுக்குப் பிறகு பன்னிரண்டுக்குப் போய்விட்டேன். மற்ற இருவருக்கும் முகம் மலர்ந்தது. மாஸ்டருக்கு மலரவில்லை.

"கிளார்க் சார், நடுவுல நாலு எங்க போச்சி?"

"தெரியலைங்க சார்."

"அப்ப எல்லாரும் மொதல்லருந்து."

ஒருத்தர் தப்புச் செய்தால் எல்லோரும் மொதல்லருந்து. பள்ளிக்கூடத்துச் சட்டம். அந்தச் சட்டம் என் அறைக்குள் இல்லாமல் போனதால்தான் அங்கே நான் இருபது எடுத்தேன்.

மறுநாள் முதலாளியின் முறை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "லாபம், ரெண்டு, மூணு" என்று ஆரம்பித்தார். களத்தில் நெல் அளந்தாலும் கடையில் துணி அளந்தாலும் ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். பத்து வந்ததும் நாங்கள் நிறுத்தினோம். அவர் நிறுத்தவில்லை. "கொசுறு" என்றார்.

"கொசுறா?"

"பத்துக்கு ஒண்ணு கொசுறு வுடலன்னா எங்கடைக்கு எவனுங்க வருவான்?"

மாஸ்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். முதலாளியால் பத்தோடு நிறுத்த முடியவே இல்லை. கை தானாக ஒருமுறை மேலே போய்விடும். கடைசியில் எங்கள் வகுப்புக்கே பத்து என்றால் பதினொன்று என்று ஆகிவிட்டது. நான்கைத் திருடியவன் ஒன்றைக் கூடுதலாகக் கொடுக்கும் கூட்டத்தில் வந்து சேர்ந்தேன்.

வகுப்பு முடிந்ததும் டீக்கடை. எனக்கு டீ மட்டும். என் பங்குப் போண்டாவும் பார்சல் குமாஸ்தாவுக்குப் போகும் என்று மாஸ்டர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர் மென்று விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பதுதான் அந்த வகுப்பிலேயே கடினமான பயிற்சி. வெள்ளிக்கிழமைதோறும் பார்சல் தராசு. குமாஸ்தா அங்கே வேறு ஆளாகிவிடுவார். சிநேகிதன் என்றெல்லாம் பார்க்கமாட்டார். "காலக் கீழ ஊனாதீங்க. செவுத்தத் தொடாதீங்க. தராசுல ஏமாத்தறவன நான் மூஞ்சப் பாத்தே சொல்லிடுவேன்." நான் அறுபத்தாறுக்கு இறங்கியபோது அவர் நாற்பத்தொன்பதுக்கு ஏறினார். நான் அறுபத்துமூன்று, அவர் ஐம்பது. என்னிடம் காணாமல் போவதெல்லாம் அவரிடம் பத்திரமாக இருக்கிறது என்று எனக்கு ஓர் ஆறுதல்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் இரண்டு பனியன் போட்டு, அதன்மேல் தொளதொள சட்டை போட்டுக்கொண்டு போவேன். அம்மா தட்டில் களியைப் போட்டுக்கொண்டே, "எளச்சாப்பல தெரியுதே கண்ணு" என்பாள். "துணி வெளுத்ததுல அப்படித் தெரியுதும்மா" என்பேன். அம்மா நம்பாமல் இன்னோர் உருண்டை களி வைப்பாள்.

துலாபாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை தராசு ஐம்பத்தொன்பதரை காட்டியது. இரண்டு சிப்பத்துக்கு அரைக் கிலோ குறைவு. நாங்கள் நான்கு பேரும் பார்சல் ஆபீஸில் துள்ளிக் குதித்தோம். சந்தைக்குப் போகக் கிடந்த கோழிக்கூடைகள் அலறின.

மூவரையும் ஊருக்கு அழைத்துக்கொண்டு போனேன். காரிமங்கலத்தில் இறங்கி அரை மணி நடை. மாஸ்டர் விசிலைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு வந்தார். கோயில் வாசல் புளியமரக் கிளையில் தராசு தொங்கியது. இரண்டு பக்கமும் சங்கிலியில் பலகை. பெண் வீட்டார் வந்திருந்தார்கள். அவளும் வந்திருந்தாள், முன்வரிசையில்தான். பூசாரி கற்பூரம் காட்டினார். நான் ஏறி உட்கார்ந்தேன். முதல் சிப்பம் எதிர்ப்பலகையில் ஏறியது. அசைவில்லை. இரண்டாவது சிப்பம் ஏறியது.

நான் எழும்பினேன். நாலு விரற்கடைதான், ஆனால் எழும்பினேன். "ரெண்டுலயே நின்னுச்சுங்க" என்று யாரோ சொன்னார்கள். பார்சல் குமாஸ்தா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எட்டு மாதம் அலைந்து திரிந்து சேர்த்த வெற்றியோடு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா பிரிக்காமல் கிடந்த மூன்றாவது சிப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிவு ஒட்டிய பலகையில் தன் எண்ணைத் தேடிக் காணாத பிள்ளைகளை நான் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பார்க்கிறவன். அதே முகம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னை இந்த எடைக்கு ஆக்கியது அவள் என்றால், அந்த எட்டரைக் கிலோவும் அவளுடையதுதான். கேட்காமலே எடுத்துத் தொலைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அம்மா விறுவிறுவென்று வந்தாள். "கண்ணு பட்டுரும்" என்று சொல்லிச் சேலைத் தலைப்பை என் மடியில் விரித்துவிட்டு, பலகையோரமாக உட்கார்ந்தாள். தலைப்புக்கு அடியில் ஒரு கை பலகையைப் பிடித்து அழுத்தியது. நான் பலகையோடு மெதுவாகக் கீழே இறங்கினேன்.

பார்சல் குமாஸ்தாவின் கண் உடனே அங்கே போயிற்று. வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். தன் உத்தியோக தருமத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு, "இன்னும் போடணுங்க, பத்தல" என்றார் அவர்.

மூன்றாவது சிப்பத்தைப் பிரித்தார்கள். முதலாளி முன்னால் வந்து முதல் வெல்ல உருண்டையை எடுத்து வைத்தார். "லாபம்!" அம்மாவின் முகத்தில் பெருமை திரும்பி வந்தது. அவர் பத்துக்கு ஒன்று கொசுறு போட்டுக்கொண்டே போக, அம்மாவின் கையோடு முழங்கையும், முழங்கையோடு பாதி உடம்பும் பலகைக்கு வந்துவிட்டன. முழுச் சிப்பமும் ஏறிய பிறகுதான் தராசு சமத்துக்கு வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் சங்கடம். அம்மாவால் கையை எடுக்க முடியவில்லை. எடுத்தால் நான் மேலே போய்விடுவேன். பூசாரி தீபாராதனை காட்டினார், எல்லோரும் கும்பிட்டார்கள், அம்மா ஒற்றைக் கையால் கும்பிட்டாள். "எந்திரிங்கம்மா" என்றார் பூசாரி. "கால் மரத்துப் போச்சிங்க" என்றாள். வியர்த்துக் கொட்டியது அவளுக்கு. குமாஸ்தா மாஸ்டர் காதில் ஏதோ ஓதினார். மாஸ்டர் நிலைமையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். குமாஸ்தாவையும் முதலாளியையும் வெல்லத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு விசிலை எடுத்தார்.

"பத்து எண்ணுவேன். பத்துன்னதும் நீங்க ரெண்டு பேரும் வெல்லத்த எறக்கணும், அம்மா எந்திரிக்கணும். ஒரே நேரத்துல. ஆரம்பம்!"

பத்து என்றதும் மாஸ்டர் விசில் ஊதினார். அம்மா கையை எடுத்தாள். குமாஸ்தா சிப்பத்தைப் பிடித்தார். முதலாளி மட்டும் பழக்கத்தில் பதினொன்றுக்குக் காத்திருந்தார்.

எதிர்ப்பலகை தொம்மென்று தரையில் இறங்கியது. நான் சங்கிலியைக் கட்டிக்கொண்டு புளியங்கிளை வரைக்கும் போனேன். கால் அந்தரத்தில் உதைத்தது. 

அம்மா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, "பாத்தீங்களா! ஆத்தா தூக்கி வெச்சிக்கிட்டா எம்புள்ளய!" என்று கத்தினாள். பம்பை அடித்தார்கள். இரண்டு பேர் தரையில் விழுந்து என்னைக் கும்பிட்டார்கள். மேலேயிருந்து பார்த்தேன். முன்வரிசையில் என் வருங்கால மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவளே சொன்னாள். "ரெண்டு சிப்பத்துல நின்னதையும் பாத்தேனுங்க. அத்தை கைய வெச்சதையும் பாத்தேனுங்க. யாருகிட்டயும் சொல்லல."

அன்றைக்குக் கோயிலிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது அம்மா என் பக்கத்தில் வந்தாள். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. மற்றவர்கள் முன்னால் போகட்டும் என்று நடையைக் குறைத்துக்கொண்டாள்.

"நெசத்தச் சொல்லு. எவ்ளோ கொறஞ்சிருக்கற?"

"எட்டரக் கிலோம்மா."

அம்மா விரலை மடக்கிக்கொண்டே நடந்தாள். மனசுக்குள் எதையோ கணக்குப் போட்டாள். பிறகு கோபமே இல்லாமல், தொலைந்த சாமானைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டாள்.

"அத்தினியும் நான் ஊட்டுனதாச்சே கண்ணு. எங்க கொண்டுபோயி போட்ட?"