ரேடியோவில் வந்த எங்கள் மேஜை

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் நாடகம் ரேடியோவில் வந்தது! கால் மணி நேரம்தான். ஆனால் என் பேரைச் சொன்னார்களே... இன்னும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

எங்கே கேட்டேன் தெரியுமா? செங்கல்பட்டில் நாங்கள் தினமும் டிபன் சாப்பிடும் ஓட்டலில். ரேடியோப் பெட்டி அங்கேதான் இருக்கிறது. என் போதாத காலம், என் இரண்டு நண்பர்களும் அங்கேயே இருந்தார்கள். நாடகமே அவர்களைப் பற்றித்தான் - அது அவர்களுக்குத் தெரியாது!

கோர்ட் குமாஸ்தா வரதனும் சவுக்குக் கட்டை வியாபாரி காதர் பாயும் இருபது வருஷச் சிநேகிதர்கள். மூன்று மாதமாகப் பேச்சில்லை. காரணம்? மகாபலிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டில் யார் உட்காருவது என்ற தகராறு! சரி, ஆளுக்கொரு மேஜைக்குப் போகலாம் அல்லவா? மாட்டார்கள். அது எங்கள் வழக்கமான மேஜை. எழுந்து போனால் தோற்ற மாதிரியாம். எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு சர்வர் முனுசாமி மூலமாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

"முனுசாமி, அந்தச் சட்னிக் கிண்ணத்த இப்படித் தள்ளச் சொல்லு" என்பார் வரதன்.

"பாய், சாரு சட்னி கேக்கறாரு" என்பான் முனுசாமி.

"தீந்து பூட்ச்சின்னு சொல்லு!" என்பார் பாய்.

நடுவில் நான். சமாதானம் பேசிப் பேசி வாய் வலித்ததுதான் மிச்சம். ஆத்திரத்தில் அதை அப்படியே நாடகமாக எழுதி ரேடியோவுக்கு அனுப்பிவிட்டேன். பேர்களை மட்டும் மாற்றினேன். எடுத்துக்கொள்வார்கள் என்று யார் கண்டது?

ரேடியோவில் சட்னிக் கிண்ணம் வந்ததும் ஓட்டலே சிரித்தது. இவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் என் பேரைச் சொன்னபோது நான் மேஜைக்கடியில் செருப்பைத் தேடினேன். கால் மணி நேர நாடகத்துக்காக இரண்டு சிநேகிதர்களையும் இழந்துவிட்டேனா?

காதர் பாய் நிமிர்ந்தார். முனுசாமியைத் தேடவில்லை. நேராக வரதனைப் பார்த்தார்!

"இன்னா வரதா, கூடவே குந்திகினு நம்ம மானத்த வாங்கிட்டானே!"

"அதான் பாய்! சும்மா வுடக்கூடாது. ரேடியோக்காரனுக்கு எழுதிப் போடுவோம்!"

மூன்று மாதத்தில் முதல் பேச்சு! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அங்கேயே பேப்பர் வரவழைத்தார்கள். பாய் சொல்லச் சொல்ல, வரதன் எழுதினார். என்னை 'அற்பன்' என்று ஒருவர் சொன்னால், போதாது, 'அயோக்கியன்' என்று போடலாம் என்றார் மற்றவர். எவ்வளவு ஒற்றுமை! அடியில் இரண்டு கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில்.

பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கப் புத்திமதி உதவாது, வாசகர்களே. சேர்ந்து திட்ட ஓர் ஆள் வேண்டும்!

அந்தப் புகாரைத் தபாலில் சேர்த்தது யார் என்கிறீர்கள்? நான்தான். ஓட்டமாக ஓடிப்போய்!