சைனம்பு துரத்திய பொத்தான்

தொண்ணூற்றியேழில் என் அண்ணன் பஷீருதீன் மகள் மஹ்பூபா பூந்தமல்லியிலிருந்து பஸ் ஏறி, ஆவடிக்குக் கம்ப்யூட்டர் படிக்கப் போனாள். வயசுப்பெண்ணைத் தனியே அனுப்புவதா என்று என்னையும் துணைக்கு அனுப்பினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏசிக் குளிரில் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவள் திரையில் சாம்பல் நிறப் பலகை ஒன்றை விரிப்பாள். அதன்மேல் பொத்தான்களை இழுத்துவந்து வைப்பாள். எதை அமுக்கினால் என்ன நடக்கவேண்டும் என்று எழுதிவைப்பாள். கெட்டிக்காரி. படிப்பு முடிந்ததும் அங்கேயே சொல்லிக்கொடுக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, சென்னீர்குப்பத்து சைனம்பு தன் மகன் ஷவுகத் அலிக்கு அவளைக் கேட்டாள். எங்கள் பெரியம்மா மகள்தான், எனக்கு அக்கா. பையன் தங்கம். ஆனால் சைனம்பு மூத்த மருமகளை வாசல்படி தாண்ட விட்டதில்லை. வேலைக்கு விடுவீர்களா என்று பெண்வீட்டார் வாய்விட்டுக் கேட்பது எங்களில் வழக்கமில்லை. அந்தக் கவலையையே மஹ்பூபா ஒரு பலகையாகச் செய்து, எனக்குக் காட்டிச் சிரித்தாள்.

பட்டுப்புடவையில் பார்த்தால் பெண்ணின் குணம் தெரியாது என்பது சைனம்புவின் கட்சி. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கம்ப்யூட்டர் வகுப்புக்கே வந்து நின்றாள்.

"இன்னாடி இது, டிவி பொட்டியா?"

"உக்காருங்க மாமி. இது கேள்வி கேக்கும், நீங்க அமுக்கணும். மருமவ வேலைக்குப் போலாமா? இது போகலாம், இது கூடாது."

சைனம்பு யோசிக்கவே இல்லை. மவுஸைப் பிடித்து 'கூடாது' பக்கம் தள்ளினாள். பொத்தான் அந்தண்டை நகர்ந்தது. துரத்தினாள். இந்தண்டை வந்தது.

"ஏய், ஓடுது பாரு!" இடக்கையால் அதைத் திரைக் கண்ணாடியோடு சேர்த்துப் பொத்தினாள். "சுபைதா, புடிச்சிகினேன்! நீ வந்து அமுக்குடி!"

நான் எழுந்திருப்பதற்குள் அது அவள் விரலிடுக்கில் நழுவிப் போனது. அங்கிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"போகலாம்ங்கிறது நின்ன எடத்துலயே நிக்குதே மாமி," என்றாள் மஹ்பூபா, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

"வாயாடி! ஓடாத பொத்தானா செஞ்சி வை. நாளைக்கு வரேன்."

சொன்னபடியே வந்தாள். பொத்தான் அசையவில்லை. ஜெயித்துவிட்ட மிதப்பில் 'கூடாது' என்பதை ஓங்கி அமுக்கினாள். அமுக்கியதும் அதன்மேல் இருந்த எழுத்து மாறியது. சைனம்பு எழுத்துக்கூட்டிப் படித்தாள்: போ...க...லாம்.

"நா அமுக்கினது ஒண்ணு, இது சொல்றது ஒண்ணு. எவ செஞ்ச வேல இது?"

"நாந்தான் மாமி."

சைனம்பு உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்தாள்.

"சுபைதா, இவள ஊட்ல பூட்டி வெச்சா என் ஊட்டுக் கதவயே ஓட உட்ருவா. வேலைக்கே போவட்டும்!"