பீரோவில் பூட்டிய அட்டை

புதுப்பட்டினத்தில் ரெபேக்காள் மெதுவாகப் பேசிக் கேட்டவர்கள் கிடையாது. கிராம சுகாதார செவிலியர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். தடுப்பூசிக்கு வராத குழந்தையின் வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி ஹாரன் அடித்தாரென்றால் தெருவே எட்டிப் பார்க்கும். நானும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.

அப்படிப்பட்டவர் அன்று மார்க்கெட்டில் கிசுகிசுத்தார்.

வேன் ஓட்டும் ஜெகதீசன் லட்டு டப்பாவை நீட்டினான். "பொண்ணுக்கா! காலீல அஞ்சு மணிக்கு. திருக்கழுக்குன்றத்துல, மாமியார் வூட்டாண்ட நர்சிங் ஹோம்ல."

ரெபேக்காள் லட்டைத் தொடவில்லை. அவனை ஓரமாக இழுத்தார். "அட்டைய காட்டினீங்களா?"

"அது எங்க வூட்டு பீரோல கீதுக்கா."

அவன் மனைவி பூங்கொடிக்கு ஹெபடைட்டிஸ் பி. கல்லீரலைத் தாக்கும் வைரஸ். பிரசவத்தில் குழந்தைக்கும் தொற்றலாம். ஐந்தாம் மாதப் பரிசோதனையில் தெரிந்ததும் கர்ப்பகால அட்டையில் சிவப்பு மையால் எழுதியதே ரெபேக்காள்தான். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அனுப்பும்போது புளிசாதம் வரை கட்டிக் கொடுத்த ஜெகதீசன் வீட்டார், அட்டையை மட்டும் கொடுக்கவில்லை. பெண் வீட்டார் படித்துவிட்டால் மானம் போய்விடுமாம்! பூங்கொடியும், பக்கத்தில் அம்மா நின்றதால், டாக்டர் கேட்டபோது "ஒண்ணுமில்ல" என்றிருக்கிறாள்.

"கிருமிக்கு இன்னாடா மானம் தெரியும்? பொறந்து பன்னெண்டு மணி நேரத்துக்குள்ள ரெண்டு ஊசி போடணும். இப்ப மணி பதினொண்ணு. எட்றா வண்டிய!"

வேனில் ஏறியபடியே நர்சிங் ஹோம் டாக்டருக்குப் போன் செய்தார். தடுப்பூசி உடனே போட்டார்கள். இரண்டாவது ஊசி, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின், அங்கே இல்லை. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தது. நர்சிங் ஹோம் வாசலில் பூங்கொடியின் அம்மா செங்கம்மாள் குழந்தையோடு வேனில் ஏறினாள். வழியெல்லாம் ஜெகதீசன் கையைத் தாண்டி எக்கி எக்கி ஹாரன் அடித்தது ரெபேக்காள்தான்.

"கொயந்தைக்கு இன்னாம்மா?" என்று செங்கம்மாள் பதறினாள்.

"அத உம் பொண்ணே சொல்லுவா. இப்ப புள்ளைய கெட்டியா புடி."

ஒன்றே முக்காலுக்கு ஊசி இறங்கியது. குழந்தை வீறிட்டது. வார்டென்றும் பாராமல் ரெபேக்காள் கைதட்டினார். எனக்குச் சொல்லும்போதும் கைதட்டினார்!

மீதித் தடுப்பூசிகளும் முடிந்து, பத்தாம் மாதம் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை. அதுவரை அம்மாவிடம் "எல்லா கொயந்தைக்கும் போடற ஊசிதாம்மா" என்றே பூங்கொடி சமாளித்து வந்தாள். முடிவு வந்த அன்று எல்லாரும் துணை சுகாதார நிலையத்தில் காத்திருந்தார்கள். ரெபேக்காள் தாளைப் பிரித்தார். பழைய குரல் திரும்பிவிட்டது. "பாப்பாவுக்கு இல்ல! இல்லவே இல்ல!"

"இன்னா இல்ல?" என்றாள் செங்கம்மாள்.

ரெபேக்காள் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஜெகதீசன் தரையைப் பார்த்தான். பூங்கொடிதான் வாய் திறந்தாள்.

"எனக்கு கல்லீரல்ல கிருமி கீதும்மா. உங்கிட்ட மறைச்சேன். புள்ளைக்கு வரல."

செங்கம்மாள் மகளின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவளையும் குழந்தையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா, அஞ்சு மணிக்கே நானே தூக்கினு ஓடியிருப்பனேடி!"